ஈரத்தை விட்டுச்சென்ற இயந்திரம்: சுங்கை சிப்புட் மண்டபம் ஒன்றின் தரை பற்றிய நிகழ்வு ஆய்வு

தரை தேய்க்கும் இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது பிரஷைத்தான். எத்தனை அங்குலம், என்ன வேகம், எவ்வளவு அழுத்தம் என்று கேட்பார்கள். விற்பவரும் அதையே தட்டிக் காட்டுவார். பின்னால் வில்லாக வளைந்து தொங்கும் இரண்டு ரப்பர் பட்டைகளை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், கோயிலைச் சேர்ந்த ஒரு திருமண மண்டபம் ஓராண்டுக்கும் மேலாகப் பட்ட தொல்லைக்கு அந்தப் பட்டைகளும் அவற்றுக்கு மேலே உள்ள ஓர் உறிஞ்சு குழாயும்தான் காரணம். நிர்வாகக் குழுவோ இன்னும் பெரிய பிரஷ் உள்ள இயந்திரம் வாங்கப் பணம் திரட்டிக்கொண்டிருந்தது.

மண்டபமும் இயந்திரமும்

ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் போகும் வழியில் இருக்கிற ஊர் சுங்கை சிப்புட். சுற்றிலும் ஒருகாலத்தில் பால்மரக் காடு, அதாவது ரப்பர் தோட்டம். இப்போது பெரும்பகுதி செம்பனை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிவந்துவிட்டார்கள். கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் காரியம், தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழா என எல்லாவற்றுக்கும் அவர்களுக்குப் பொதுவான கூடம் இந்த மண்டபம்தான். சனி, ஞாயிறுகளில் வாழையிலைப் பந்தி இல்லாத வாரம் அரிது.

பந்திக் கூடத்தில் பளபளப்பில்லாத பீங்கான் ஓடு. ஓடுகளுக்கிடையே சிமெண்ட் இணைப்புக் கோடுகள், ஓட்டைவிடச் சற்றுத் தாழ்ந்து. மணமேடைப் பக்கம் பழைய மொசைக் தரை. துப்புரவுக்கு மூன்று பெண்கள். அவர்களில் இருவர் பால் வெட்டியவர்கள். விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்கு) நின்றவர்களுக்கு ஞாயிறு இரவுப் பந்திக்குப் பிறகு திங்கள் அதிகாலையில் வேலைக்கு வருவது பெரிதாகத் தெரியவில்லை.

இயந்திரம் ஈப்போவில் மூடப்பட்ட ஒரு பேரங்காடியிலிருந்து வாங்கிய பழையது. பின்னால் நடந்தபடி தள்ளும் வகை. 50 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரே வட்டப் பிரஷ், 40 லிட்டர் நல்ல நீர்த்தொட்டி, அதே அளவு அழுக்கு நீர்த்தொட்டி, இரண்டு 12 வோல்ட் ஈயமில மின்கலங்கள். பேரங்காடியில் நன்றாக வேலை செய்த இயந்திரம் என்று விற்றவர் சொன்னது பொய்யில்லை. பேரங்காடியில் யாரும் தரையில் சாம்பார் ஊற்றுவதில்லை, அவ்வளவுதான்.

இந்த வகை இயந்திரம் செய்வது மூன்று வேலை. சோப்பு நீரைப் பிரஷுக்கு நடுவே விடுகிறது, பிரஷ் தேய்க்கிறது, பின்னால் வரும் ஸ்குவீஜி (அந்த ரப்பர் பட்டைகளைத் தாங்கும் வழிப்பான்) அந்த அழுக்கு நீரை வழித்துக் கூட்ட, உறிஞ்சு மோட்டார் அதை மேலே இழுத்துத் தொட்டியில் சேர்க்கிறது. ஸ்குவீஜியில் இரண்டு பட்டைகள். முன்பட்டையில் வெட்டுகள் இருக்கும். நீர் அவற்றின் வழியே உள்ளே போகும். பின்பட்டை முழுதாக இருந்து நீரை வெளியே விடாமல் தடுக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய அறையில் வெற்றிடம் உண்டானால்தான் நீர் மேலேறும். எங்காவது காற்று புகுந்தால் நீர் தரையிலேயே தங்கிவிடும்.

எவ்வளவு நீரை எடுக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. நிமிடத்துக்கு 50 மீட்டர் நடந்தால், அரை மீட்டர் அகலப் பிரஷ் 25 சதுர மீட்டரைத் தேய்க்கிறது. நிமிடத்துக்கு 2 லிட்டர் நீர் விடுகிறோம். அதாவது சதுர மீட்டருக்கு 80 மில்லிலிட்டர்; தரைமேல் 0.08 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு படலம். அதில் பத்தில் ஒன்பது பங்கை ஸ்குவீஜி எடுத்துவிட்டால் மிச்சம் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். பாதியை விட்டுவிட்டால், எண்ணெயும் சோப்பும் கலந்த அந்த மிச்சம் உலர்ந்து பசையாகிறது. அதன்மேல் மறுபடி ஒரு சொட்டு மோர் விழுந்தால் வழுக்கும்.

வழுக்கியது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கைகழுவும் இடத்துக்குப் போகும் வழியில் சறுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை என்றாலும் பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. “மெஷினுக்குச் சக்தி போதவில்லை” என்று குழுக் கூட்டத்தில் முடிவானது. பெரியது வாங்குமுன் இருப்பதை ஒரு முறை பார்த்துச் சொல்லச் சொல்லி என்னை அழைத்தார்கள். இத்தகைய இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில்.

கண்டவை

முதலில் இயந்திரத்தைத் திறக்கவில்லை. தள்ளச் சொல்லிப் பின்னால் நடந்தேன். தரையில் விட்டுப்போகும் ஈரத்தின் வடிவம் பாதி நோயைச் சொல்லிவிடும். ஒற்றை மெல்லிய கோடு என்றால் பட்டையின் விளிம்பில் வெட்டு, அல்லது அடியில் ஒரு பருக்கை. நடுவில் மட்டும் பட்டையாக ஈரம், அல்லது இரு ஓரங்களிலும் ஈரம் என்றால் ஸ்குவீஜியின் சாய்வு தவறு. திரும்பும் இடத்தில் மட்டும் தேங்கினால் ஸ்குவீஜி பக்கவாட்டில் அசைய மறுக்கிறது. எங்கும் ஒரே சீராக ஈரம் என்றால் உறிஞ்சு சக்தி குறைவு.

இங்கே எல்லாம் இருந்தன. தள்ளியவரிடம் கேட்டேன்.

“வலப்பக்கம்தான் முதலில் கோடு போட்டது, தம்பி. அப்புறம் முழுக்கவே எடுக்காமல் போய்விட்டது. கொஞ்ச நேரம் ஓடினால் சத்தம் மாறும். அப்போது தண்ணீர் அப்படியே நிற்கும்” என்றார் அவர்.

“இதைக் குழுவில் சொன்னீர்களா, அக்கா?”

“மெஷின் பழசு என்றுதான் அவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்களே.”

சத்தம் மாறுகிறது என்பது முக்கியமான செய்தி. அழுக்குத் தொட்டியின் உச்சியில் ஒரு மிதவை இருக்கும். தொட்டி நிறைந்தால் அது எழுந்து உறிஞ்சு வழியை அடைத்து, நீர் மோட்டாருக்குள் போகாமல் காக்கும். அடைத்ததும் மோட்டாரின் ஒலி மேல்சுருதிக்கு ஏறும். ஆனால் இங்கே தொட்டியில் கால்பங்கு நீர்கூட இல்லை. மூடியைத் திறந்தால் உள்ளே முழுக்க நுரை. காரணம் சுவரோரம் நின்ற பெரிய பிளாஸ்டிக் குடுவை: பாத்திரம் கழுவும் திரவம். சமையலறைக்கு மொத்தமாக வாங்கியதையே தரைக்கும் ஊற்றியிருக்கிறார்கள். பாத்திரத்துக்கு நுரை வேண்டும். சோப்பு வேலை செய்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியவேண்டும். உறிஞ்சும் இயந்திரத்துக்கு நுரை எதிரி. மிதவையை நுரையே தூக்கிவிடும். தூக்காவிட்டால் அது மோட்டாருக்குள் போய்த் துருப்பிடிக்க வைக்கும். எது நடந்தாலும் நட்டம்.

அடுத்து உறிஞ்சு சக்தி. தொட்டியின் வாயிலில் கையை வைத்தேன், நன்றாக இழுத்தது. அதே குழாயின் கீழ் முனையில் வைத்தால் இழுப்பே இல்லை. இடையில் எங்கோ அடைப்பு. குழாயைக் கழற்றி வளைவில் விரலை விட்டபோது வெளியே வந்தது முழங்கை நீளத்துக்கு ஒரு கயிறு: மல்லிகைச் சரம் கட்டிய நூல், மாலையின் வாழைநார், தலைமுடி, எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டிய நெய்யும் பருப்பும். பிரஷின் அச்சிலும் இதே நூல் இறுகச் சுற்றியிருந்தது. அழுக்கு நீரை வெளியேற்றும் குழாயின் மூடியும் சரியாக மூடவில்லை. அந்தச் சிறு இடைவெளி வழியே புகும் காற்று, ஸ்குவீஜியில் வேலை செய்யவேண்டிய வெற்றிடத்தைத் திருடிக்கொண்டிருந்தது. இதைப் பலர் சோதிப்பதில்லை. மோட்டாரை மாற்றிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருவார்கள்.

கடைசியாகப் பட்டைகள். பின்பட்டையின் வலப்பாதி நேராக இல்லை. அலையலையாக நெளிந்து, விளிம்பு உருண்டு கொழகொழத்திருந்தது. கையில் வாங்கிப் பார்த்த மற்றோர் அக்கா உடனே சொன்னார்: “மண்ணெண்ணெயில் ஊறிய ரப்பர் பால் ஷீட் இப்படித்தான் ஊதிக் கிடக்கும்.”

அவர் சொன்னது அறிவியலில் அப்படியே சரி.

ரப்பர் ஊரில் ரப்பரின் குறை

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிற்கவேண்டியிருக்கிறது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளிலிருந்து ஒன்பது, சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்திலுள்ள கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. ரப்பரின் கதை தொடங்கிய வட்டாரத்திலேயே ஒரு ரப்பர் பட்டை தோற்றுப் போவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

இயற்கை ரப்பர் ஸ்குவீஜிக்கு மிகவும் ஏற்ற பொருள். மென்மையானது, வளைத்தால் உடனே நிமிரும், கிழிவதற்கு எளிதில் இடம் கொடுக்காது. தரை மேடுபள்ளமாக இருந்தால் அதற்கேற்ப அமுங்கும். ஸ்குவீஜிப் பட்டைகளுக்குப் பெயர்பெற்ற ஒரு சிவப்பு ரப்பர், லினாடெக்ஸ், மலாயாவிலேயே பிறந்தது. 1923-இல் பெர்னார்ட் வில்கின்சன் என்பவர் தொடங்கிய முறை அது. பிற்பாடு பத்துமலை வட்டாரத்தில் அதற்குத் தொழிற்சாலையும் இருந்தது. ரப்பர் ஷீட்டை உருளைகளில் அரைத்து மிருதுவாக்காமல், மரத்துப் பாலின் திரவ நிலையிலேயே பதப்படுத்துவது அதன் தனித்தன்மை. அரைக்காததால் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபடாமல் இருக்கும். அதனால்தான் அந்த உறுதி. சுரங்கங்களில் கல்லும் மணலும் ஓடும் குழாய்களுக்கு உள்ளுறையாகவும் அது பயன்படுகிறது. பத்துமலைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை. நம் ஆட்கள் வெட்டிய பாலின் கதைகளில் இதுவும் ஒன்று.

ஆனால் இயற்கை ரப்பர் வெறும் ஹைட்ரோகார்பன். எண்ணெயும் கொழுப்பும் அதன் உறவினர்கள். உள்ளே புகுந்து சங்கிலிகளுக்கிடையே இடம் பிடித்துக்கொள்ள, ரப்பர் ஊதுகிறது, மெலிகிறது, விளிம்பை இழக்கிறது. பேரங்காடியின் தூசித் தரையில் ஆண்டுக்கணக்கில் உழைத்த பட்டை, நெய்யும் பாமாயிலும் சிந்தும் பந்திக் கூடத்தில் சில மாதங்களில் தளர்ந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, வேலை முடிந்ததும் ஸ்குவீஜியைத் தூக்கி மாட்டாமல் தரையில் பதித்தபடியே இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு வாரம் வளைந்தே கிடந்த பட்டை அந்த வளைவையே தன் வடிவமாக்கிக்கொள்கிறது.

இதற்கு வழக்கமான மாற்று பாலியூரித்தேன் பட்டை. எண்ணெயைத் தாங்கும்; எளிதில் வெட்டுப்படாது. விலை அதிகம், கொஞ்சம் விறைப்பும் உண்டு. தாழ்ந்த இணைப்புக் கோடுகள் உள்ள ஓட்டில் அந்த விறைப்பு ஒரு குறையாகத் தெரியும். எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பரான நைட்ரைல் இன்னொரு வழி. மூன்றாவதாக ஒன்றை நான் ஆசையோடு நினைப்பதுண்டு. மலேசிய ரப்பர் வாரியம் எக்கோப்ரீனா என்ற பெயரில் எப்பாக்சி ஏற்றிய இயற்கை ரப்பரை வெளியிட்டிருக்கிறது. மரத்துப் பாலைத்தான் வேதிமுறையில் மாற்றுகிறார்கள். ஐம்பது விழுக்காடு எப்பாக்சி ஏற்றிய வகை எண்ணெயைத் தாங்குவதில் நடுத்தர நைட்ரைலுக்கு நிகரானது. அதில் ஒரு ஸ்குவீஜிப் பட்டை செய்து பந்திக் கூடங்களுக்குத் தரலாமே! சிறு தொழிற்சாலைக்குக்கூட எட்டும் வேலை. செம்பனைத் தோட்டங்களைச் சுற்றி வைத்துக்கொண்டு, எண்ணெய்க்குப் பயப்படாத ரப்பரை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கண்டுபிடிப்பாளர்கள் எங்கே குனிந்தார்கள்

பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாட்டில் தரை துப்புரவு இயந்திரங்களுக்கு ஏ47எல் 11 என்று ஒரு பிரிவு. அதற்குள், அழுக்கு நீரைத் திரும்ப எடுக்கும் அமைப்பால் வேறுபடும் இயந்திரங்களுக்கென்றே 11/29 என்ற உட்பிரிவும், அதை உறிஞ்சி எடுப்பவற்றுக்கு 11/30 என்ற இன்னொன்றும் இருக்கின்றன. தேய்ப்பது ஒரு சிக்கல், எடுப்பது வேறொரு சிக்கல் என்பதை அந்தப் பட்டியல் போட்டவர்கள் நன்றாகவே உணர்ந்திருக்கிறார்கள். அந்தப் பிரிவில் மேய்ந்தால், நம் மண்டபத்தின் குறைகள் ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் எப்போதோ தலையைச் சொறிந்திருப்பது தெரியும்.

ஸ்குவீஜியின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இயந்திரங்களில் அது நேர்க்கோடாக இருந்தது. ஓரத்து நீர் ஓரத்திலேயே வழிந்து வெளியேறியது. வளைத்ததும் நீர் நடுவிலுள்ள உறிஞ்சு வாய்க்குத் தானாகச் சேர்ந்தது. ஸ்குவீஜியைச் சுழலும் மூட்டில் தொங்கவிட்டதும், இயந்திரம் திரும்பும்போது அது வெளிப்புறம் நகர்ந்து பிரஷின் பாதையைத் தொடர்ந்தது. தூணில் இடித்தால் வளைந்து கெடாமல் கழன்று விழும் பிடி வந்தது. பட்டையைத் தலைகீழாகவும் முன்பின்னாகவும் திருப்பி நான்கு விளிம்புகளையும் பயன்படுத்தும் அமைப்பு வந்தது. திருகாணி இல்லாமல் ஒரு நெம்புகோலைத் தள்ளிக் கழற்றும் வசதி வந்தது. இவை பெரிய விஞ்ஞானமில்லை. ஆனால் கருவிப்பெட்டி இல்லாத மூன்று பெண்கள் திங்கள் காலையில் பட்டையைத் திருப்பிப் போட முடியுமா, முடியாதா என்பதை இவையே முடிவு செய்கின்றன. நம் பழைய இயந்திரத்தில் ஆறு இறக்கைத் திருகுகள். அவற்றில் இரண்டு துருப்பிடித்து இறுகிவிட்டன. பட்டையை யாரும் திருப்பிப் போடாததில் வியப்பில்லை.

முன்பக்கக் கண்டுபிடிப்புகளையும் குறைத்துச் சொல்லமாட்டேன். உருளைப் பிரஷ் வகை, பருக்கையையும் குச்சியையும் ஒரு தட்டில் கூட்டிச் சேர்த்துக்கொண்டே தேய்க்கும். இணைப்புக் கோடுகளுக்குள்ளும் அதன் இழைகள் இறங்கும். சுழலாமல் அதிரும் சதுரத் தளம் இன்னொரு வகை. நிமிடத்துக்கு இரண்டாயிரம் முறைக்கும் மேல் சின்னஞ்சிறு வட்டமாக அதிர்ந்து மூலைவரை எட்டும். குறைந்த நீரே போதும். வட்டப் பிரஷைச் சற்றுச் சாய்த்து, அதன் உராய்வே இயந்திரத்தை முன்னால் இழுக்கும்படி செய்தது எளிமையான, அழகான யோசனை. தனியே ஓட்டு மோட்டார் வேண்டாம். நடையின் வேகத்துக்கேற்ப நீரைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு மற்றொன்று. நின்றால் நீரும் நிற்கும். திரும்பும் இடத்தில் குளம் கட்டுவதில் பாதி இதனால் ஒழியும். 2008-இல் அமெரிக்காவின் டென்னன்ட் நிறுவனம் சாதாரணக் குழாய் நீரில் மின்சாரம் செலுத்தி, சோப்பே இல்லாமல் கழுவலாம் என்ற தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது. தூசித் தரைக்கு அதை யோசிக்கலாம். சாம்பார், நெய், பாயசம் மூன்றும் சேர்ந்து காய்ந்த தரைக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். கொழுப்பைக் கரைக்கக் காரத்தன்மையுள்ள (ஆல்கலி) திரவம் வேண்டும், அது ஊற நேரம் வேண்டும்.

அதே டென்னன்டின் வரலாற்றில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. மரத்தரை செய்து விற்ற அந்த நிறுவனம் துப்புரவு இயந்திரத் துறைக்கு வந்ததற்கு, 1930-களில் பென் காஸ்பர் என்ற பள்ளித் துப்புரவுப் பணியாளர் தன் பள்ளியின் மரத்தரையைத் தண்ணீரில்லாமல் சுத்தம் செய்யத் தானே ஒரு கருவி செய்து பார்த்ததுதான் காரணம். தரையைத் தினமும் தள்ளுகிறவருக்குத்தான் எங்கே சிக்குகிறது என்று கை சொல்கிறது.

தொட்டிகளின் கதையும் உண்டு. பழைய உலோகத் தொட்டி துருப்பிடித்தது. இப்போதுள்ளவை அச்சைச் சுழற்றி வார்த்த பாலிஎத்திலீன். பொருத்தும் கோடே இல்லாத ஒரே துண்டு. கை முழுவதும் நுழையும் அகலமான வாய், கவிழ்த்துக் கழுவும் கீல், வடிகுழாய்க்கு முன் பருக்கை பிடிக்கும் கூடை ஆகியவை பின்னால் சேர்ந்தவை. மின்கலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: ஈயமில மின்கலத்தை எண்பது விழுக்காட்டுக்கு மேல் வடிய விடக்கூடாது, வடிந்த நிலையில் வாரக்கணக்கில் வைக்கக்கூடாது, நீர் ஊற்றுவதானால் முழு மின்னேற்றத்துக்குப் பிறகு காய்ச்சி வடித்த நீர் மட்டும். இந்த மண்டபத்தில் திங்கள் வேலை முடித்துவிட்டு வெள்ளிக்கிழமைதான் மின்னேற்றத்தில் போட்டார்கள். மாற்றச் சொன்னேன்.

செய்தவை

புது இயந்திரம் வாங்கவில்லை. குழாய் வளைவைச் சுத்தம் செய்தோம், வடிகுழாய் மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றினோம், துருப்பிடித்த திருகுகளுக்குப் பதில் எவர்சில்வர் இறக்கைத் திருகுகள் போட்டோம். முன்பட்டை இயற்கை ரப்பராகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, பின்பட்டையை மட்டும் பாலியூரித்தேனாக மாற்றினோம். நீரைத் தடுக்கும் பொறுப்பு பின்பட்டையுடையது. எண்ணெயில் அதிகம் உழல்வதும் அதுதான். சாய்வையும் உயரச் சக்கரங்களையும் சரிசெய்து, பட்டை முழு நீளத்திலும் ஒரே அளவாகப் பின்னால் மடங்கும்படி வைத்தோம்.

பாத்திரச் சோப்புக் குடுவை சமையலறைக்குத் திரும்பியது. அதற்குப் பதில் குறைந்த நுரையுள்ள காரக் கொழுப்பு நீக்கி, கையுறையோடு. மொசைக் பகுதிக்கு மட்டும் நடுநிலைத் திரவம். அங்கே இன்னொரு பகைவனும் உண்டு: எலுமிச்சை. திருஷ்டி கழித்து நசுக்கிய பழத்தின் சாறு மொசைக்கிலுள்ள சலவைக்கல் துண்டுகளை அரித்து மங்கலாக்கிவிடும். எந்த இயந்திரமும் அந்த மங்கலைத் துடைத்தெடுக்காது. பழத்தைத் தட்டில் வைத்து நசுக்குங்கள் என்று ஐயரிடம் சொல்லும் பொறுப்பைச் செயலாளர் ஏற்றுக்கொண்டார்.

தேய்க்கும் முறையும் மாறியது. பந்திக் கூடத்தில் முதல் நடை ஸ்குவீஜியைத் தூக்கி வைத்து, நீரைத் தாராளமாக விட்டுத் தேய்ப்பது மட்டும். ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவேண்டும், காய விடக்கூடாது. இரண்டாவது நடை ஸ்குவீஜியை இறக்கி, தேய்த்துக்கொண்டே உறிஞ்சி எடுப்பது. வேலை இரட்டிப்பாகுமே என்று குழுவில் முணுமுணுத்தார்கள். முன்பு இயந்திரம் விட்ட ஈரத்தை மூன்று பேரும் மாப்பு போட்டு ஒற்றியெடுத்த நேரத்தை அவர்கள் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

நூல்தான் மிஞ்சியது. பெருக்கிய பிறகும் ஈரத்தரையில் ஒட்டிய பூச்சரத்து நூல் துடைப்பத்துக்கு அகப்படாது. புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் உள்ளூர்ப் பட்டறைக்காரர் ஒருவரை அழைத்தோம். பிரஷுக்கும் ஸ்குவீஜிக்கும் இடையே ஒரு சீப்பு வைக்கலாம் என்றார். முதலில் செய்த சீப்பின் பற்கள் நெருக்கமாக இருந்தன; நூலைப் பிடித்தது, கூடவே சோற்றுப் பருக்கையையும் பிடித்து அணைகட்டி, நீரைப் பக்கவாட்டில் தள்ளியது. அடுத்ததில் பற்களை அகலமாக்கி, நுனியைச் சற்று முன்னோக்கி வளைத்து, தரையிலிருந்து ஓர் இழையளவு உயர்த்திப் பொருத்தினார். பருக்கை கடந்து போனது, நூல் வளைவில் மாட்டிக்கொண்டது. ஓர் ஊசிக் கொக்கியை இழுத்தால் சீப்பு முழுதாகக் கையோடு வந்துவிடும்; குழாயடியில் உதறி மறுபடி மாட்டிவிடலாம். ஊசிக் கொக்கி வேண்டும் என்று கேட்டவர் மண்ணெண்ணெய் பற்றிச் சொன்ன அக்கா. “குனிந்து திருகிக்கொண்டிருக்க முடியாது” என்றார்.

குழுவில் ஒருவருக்கு உற்சாகம் பிறந்தது. இதற்குக் காப்புரிமை வாங்கவேண்டும், பத்திரிகையில் போடவேண்டும் என்றார். அவரது ஆசையைக் குறை சொல்வதற்கில்லை. மலேசியாவின் 1983-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் சிறு கண்டுபிடிப்புகளுக்கென்றே பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழ் என ஒரு வழி இருக்கிறது. முழுக் காப்புரிமைக்கு 20 ஆண்டு. இதற்கு முதலில் 10 ஆண்டு, பயன்பாட்டில் இருப்பதைக் காட்டினால் ஐந்தைந்து ஆண்டாக இரண்டு முறை நீட்டிக்கலாம். முழுக் காப்புரிமைக்குத் தேவையான கண்டுபிடிப்பு நுட்பத்தை இதில் கேட்கமாட்டார்கள். ஆனால் எது நம்முடையது என்று வரையறுக்கும் உரிமைக்கோரல் ஒன்றே ஒன்றுதான் எழுதலாம், புதுமை கட்டாயம். நாமே வெளியே காட்டிவிட்டாலும் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் அது புதுமையைக் கெடுக்காது.

சிக்கல் அந்தப் புதுமை என்ற சொல்லில்தான். புதுமை என்றால் சுங்கை சிப்புட்டில் புதியது என்பதில்லை, உலகில் எங்கும் முன்பே வெளிவராதது. ஸ்குவீஜிக்கு முன்னால் குப்பையைப் பிடிக்கும் தூரிகைகள், தட்டுகள், வலைகள் என்று பழைய ஆவணங்கள் இருக்கின்றன. ஊசிக் கொக்கி எந்த உழவு இயந்திரத்திலும் உண்டு. பூச்சரத்து நூலுக்கென்று முன்னோக்கி வளைத்த பல் என்று கோரலைக் குறுக்கி எழுதினால் ஒருவேளை நிற்கலாம். அப்படிக் குறுக்கியதை யார் வாங்கப் போகிறார்கள்? விண்ணப்பத்துக்கும் முகவருக்கும் ஆகும் பணத்தில் இன்னும் சில கோயில் மண்டபங்களுக்குச் சீப்பு செய்து கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. பட்டறைக்காரருக்கும் அதில்தான் நாட்டம். தேடாமல் விடவேண்டாம் என்பதற்காக, இலவசக் காப்புரிமைத் தளங்களில் அந்த ஏ47எல் 11/30 பிரிவைக் குழுவினரின் பிள்ளைகளில் ஒருவரைத் தேட வைத்தோம். தேடியதில் வேறொரு பலன் கிடைத்தது: காலாவதியான பழைய காப்புரிமைகளின் வரைபடங்கள் எவரும் எடுத்தாளத் திறந்து கிடக்கின்றன. அவற்றைப் பார்த்துத்தான் ஸ்குவீஜியின் துருப்பிடித்த பிடிக்குப் பதிலாக, இடித்தால் கழன்றுகொள்ளும் பிடி ஒன்றைப் பட்டறைக்காரர் இப்போது செய்துகொண்டிருக்கிறார்.

இன்றைய நிலை

பந்திக் கூடத்தில் இயந்திரம் கடந்த சில நிமிடங்களில் வெறுங்காலோடு நடக்க முடிகிறது. திரும்பும் இடங்களில் இன்னும் ஒரு கையளவு ஈரம் நிற்கிறது. திரும்புமுன் நீர் விடும் குழாய்த் திருகை மூடிவிட்டுத் திரும்பினால் அதுவும் நிற்பதில்லை. மூவரில் இருவருக்கு அது கைப்பழக்கமாகிவிட்டது. தூண்களைச் சுற்றி மாப்புதான். வட்டப் பிரஷ் அங்கே போகாது. இணைப்புக் கோடுகளில் ஏறிய மஞ்சள் கறை முழுவதும் நீங்கவில்லை. இழைப் பிரஷைக் கோடுகளுக்குக் குறுக்காகச் சாய்வாக ஓட்டினால் மெல்லக் குறைகிறது. விளக்கெண்ணெய் வழியும் சன்னதி முன்புறத்தைக் கையால்தான் கழுவுகிறார்கள். அங்கே இயந்திரம் வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

பாலியூரித்தேன் பட்டை ஒரு பக்க விளிம்பு தேய்ந்து, திருப்பிப் போடப்பட்டிருக்கிறது. இன்னும் மூன்று விளிம்புகள் மிச்சம். மின்கலங்கள் பழைய புறக்கணிப்பிலிருந்து முழுதாகத் தேறவில்லை. பெரிய கல்யாணத்தன்று கடைசி வரிசைக்கு வரும்போது பிரஷ் தளர்கிறது. அடுத்து அவற்றை மாற்றவேண்டும். லித்தியம் போடலாமா என்று குழு கேட்கிறது. இடைவேளையில் அரைமணி நேரம் மின்னேற்றினாலும் அதற்குக் கேடில்லை, நீர் ஊற்றும் வேலையும் இல்லை. ஆனால் மின்னேற்றியையும் சேர்த்து மாற்றவேண்டும். விலை பழைய இயந்திரத்தின் மதிப்பைத் தாண்டிவிடும். ஈயமிலத்தையே மறுபடி வாங்கி, வேலை முடிந்த அன்றே மின்னேற்றும் பழக்கம் இந்த ஆண்டு முழுவதும் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். புது இயந்திரத்துக்குத் திரட்டிய பணத்தில் ஒரு பகுதி கைகழுவும் இடத்துக்குப் போகும் வழியில் சொரசொரப்பான ஓடு பதிக்கப் போகிறது.